சேப்பாக்கமும் நாமும்

காஞ்சி மாநகருக்குப் பட்டும் கோயிலுமே பெருமை என வெளியூரார் எண்ணுவர். அவற்றோடு ஒப்பவைக்கத்தக்க மற்றொரு பெருமையும் இவ்வூருக்கு உண்டு, அது கல்வி. கதம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் தன் ஆசானோடு காஞ்சிக் கடிகைக்குக் கற்க வந்த செய்தியைக் கருநாடகத்துத் தாளகுந்தாக் கல்வெட்டு சொல்கிறது. கி.பி. 7 ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளையும் பதினாயிரம் துறவியரையும் தம் குறிப்பில் எழுதிச் சென்றார். நாலந்தாவில் தலைமையாசானாக விளங்கிய தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவரே.

அக்கடிகை இன்று இல்லை. பௌத்தப் பள்ளிகளும் இல்லை. இன்று இவ்வூர்க் கலைக்கல்லூரியில் பயிலும் பிள்ளை பட்டம் பெறும்போது அதில் பதியும் முத்திரை, கிழக்கே கடற்கரையில், சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையது. அக்கல்விமனையின் வரலாற்றை எழுத நம்மைத் தூண்டியது ஒரு கேள்வி.

சரிகை வாணிபம் செய்யும் நண்பரொருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், பையனை மதரஸாவில் ஓத விடட்டுமா, காலேஜில் சேர்க்கட்டுமா?” என்று கேட்டார். “இரண்டில் ஒன்று என்று யார் சொன்னது, பாய்?” என்று திருப்பிக் கேட்டோம். அவருக்கு மறுமொழி தோன்றவில்லை. நம் சமுதாயத்து வீடுகளில் நூறாண்டுக்கு மேலாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. அதற்கான விடை சேப்பாக்கத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது என்பது நம் கருத்து.

1839 நவம்பர் 11 ஆம் நாள், உயர்கல்விக்கு வழிசெய்ய வேண்டுமெனக் கோரும் விண்ணப்பமொன்று சென்னை ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. அதில் எழுபதாயிரம் பேர் கையொப்பமிட்டிருந்தனர் என்பது பல்கலைக்கழகம் தன் வரலாற்றில் முதலிற் கூறும் செய்தி. அதை முன்னின்று அளித்தவர் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன். பின்னர் 1854 இல் சார்லஸ் உட் விடுத்த கல்வி அறிக்கை வழிகாட்ட, 1857 ஆம் ஆண்டிலே கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. சென்னைக்குரிய சட்டம் நிறைவேறிய நாள் 1857 செப்டம்பர் 5. அந்நாளில் வடக்கே டில்லி மாநகர் முற்றுகையில் இருந்தது. அம்மாதம் முடியுமுன்பே முகலாயரின் கடைசி அரசர் பகதூர்ஷா சிறைப்பட்டார். ஒரு காலம் முடிந்து மற்றொரு காலம் தொடங்கிய வேளை அது. தோற்றவர் பக்கத்தில் நின்று பார்த்த நம் முன்னோர்க்குப் புதிய கல்வியின்மேல் ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

அன்று தோன்றிய பல்கலைக்கழகத்தின் அமைப்பை நாம் சரியாக உணர வேண்டும். அது பாடம் சொல்லும் இடமாகத் தோன்றவில்லை. தேர்வு நடத்தும் இடமாகவே தோன்றியது. 1836 இல் ஏற்பட்ட இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வகுக்கப்பட்ட முறை அது. கற்பிப்பவை ஆங்காங்கேயுள்ள கல்லூரிகள். பாடத்திட்டம் வகுப்பதும், வினாத்தாள் விடுப்பதும், பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகத்தின் வேலை. நம் மதரஸா மரபு இதற்கு நேர்மாறானது. அங்கே ஓர் உஸ்தாத் தம் முன்னிலையில் கிதாபை ஓதிமுடித்த மாணவனுக்குத் தம் பெயராலேயே இஜாஸா வழங்குவார். அவர் மாணவனை அறிவார், மாணவன் அவரை அறிவான். பல்கலைக்கழகமோ யாரையும் அறியாது. விடைத்தாளை மட்டுமே அறியும். இதைக் குறையென்று சொல்வார் உண்டு. ஆனால் அதனாலேயே தொலைவிலிருப்போர்க்கும் கதவு திறந்தது. முதன்முதல் பி.ஏ. பட்டம் பெற்ற தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் கடல்கடந்து வந்த யாழ்ப்பாணத்தவர் என்பதைக் காண்க.

கதவு எல்லோருக்கும் ஒருசேரத் திறந்ததென்று சொல்வதற்கில்லை. காஞ்சியோடு தொடர்புடைய ஒரு வரலாற்றையே இதற்குச் சான்றாகக் கூறலாம். வள்ளல் பச்சையப்ப முதலியார் 1794 இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் காஞ்சி உள்ளிட்ட ஊர்களின் கோயில் அறங்களுக்கெனக் குறிக்கப்பட்டிருந்தது. அது நெடுங்காலம் வழக்கில் கிடந்து, மேற்சொன்ன நார்ட்டன் முதலானோர் முயற்சியால் மீட்கப்பட்டது. மிஞ்சிய பொருள் கல்விக்காக்கப்பட்டு, 1842 இல் சென்னையில் பள்ளி தொடங்கியது. அதுவே பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா இவ்வூர்ப் பச்சையப்பன் பள்ளியிலும், பின்னர்ச் சென்னைக் கல்லூரியிலும் பயின்றே பட்டம் பெற்றார். ஆயினும் அறத்தின் தன்மை கருதி 1947 வரை அக்கல்லூரியில் இந்து மாணவர்களே சேர்க்கப்பட்டனர். அதே 1947 இல்தான் காஞ்சியிலும் பச்சையப்பன் ஆடவர் கல்லூரி ஏற்பட்டது. நம்மவர்க்கு வாணியம்பாடியில் இசுலாமியாக் கல்லூரி 1919 இலும், சென்னையில் புதுக்கல்லூரி 1951 இலும் தோன்றின. இவையனைத்தும் வெவ்வேறு சமயத்தார் கட்டியவை. எனினும் ஒரே பல்கலைக்கழகத்தின்கீழ் இணைந்தன. கல்லூரியின் வாசலில் பிரிந்து நின்றவர்கள் தேர்வுக்கூடத்தில் ஒரே வரிசையில் அமர்ந்தனர்.

இனி, அப்பல்கலைக்கழகம் நிற்கும் நிலத்தைப் பார்ப்போம். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1768 இல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டினார். 1855 இல் நவாப் குலாம் கௌஸ் மகவின்றிக் காலமானதும், ஆங்கிலேயர் நவாபுப் பட்டத்தையே ஒழித்தனர்; 1859 இல் அரண்மனை அரசின் கைக்கு வந்தது. அதையொட்டி எழுந்ததே பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை. கட்டடக் கலைஞர் இராபர்ட் சிஷோம் 1874 இல் தொடங்கி 1879 இல் முடித்தார். அரண்மனையின் வளைவுகளையும் குவிமாடங்களையும் பார்த்தவர், மாளிகையையும் அதே சாயலில் எழுப்பினார். இன்றும் அவ்வழியே செல்வோர்க்கு நவாபின் மாளிகை எங்கே முடிகிறது, கல்விமனை எங்கே தொடங்குகிறது என்று சட்டெனத் தோன்றாது.

தேர்வு மட்டும் நடத்திவந்த அவ்விடம் பையப்பையக் கற்பிக்கும் இடமாகவும் மாறியது. 1912 இல் அரசு நிதி வழங்க, இந்திய வரலாறு, ஒப்பியல் மொழிநூல், இந்தியப் பொருளியல் ஆகிய துறைகளுக்கு அடிகோலப்பட்டது. 1923 ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகத்தைத் திருத்தியமைத்தது. ஆளுநர் வேந்தர், அன்றாட ஆட்சியின் தலைவர் துணைவேந்தர், செனட் பெருமன்றம், சிண்டிகேட் ஆட்சிக்குழு, பாடமும் தேர்வும் பற்றி ஆராய்வது கல்விக்குழு. இவ்வமைப்பே பின்னர் இந்நாட்டில் எழுந்த பல பல்கலைக்கழகங்களுக்கும் அச்சாயிற்று. 1924 இல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன் உலகம் போற்றும் நூலக விதிகளை இங்கிருந்தே வகுத்தார். 1924 முதல் 1936 வரை தமிழ்ப் பேரகராதி ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. வையாபுரிப்பிள்ளை அதன் பதிப்பாசிரியர். வக்கீல், வசூல் முதலாக நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுக்கு அரபு மூலங்காட்டிய பெருந்தமிழகராதி அது.

1927 இல் அரபு, பாரசீக, உருதுத் துறை தொடங்கப்பெற்றது. அத்துறையின் தலைவராக விளங்கிய முகம்மது ஹுசைன் நயினாரின் பணியை நம்மிளைஞர் பலர் அறியார். நவாப் வாலாஜாவின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதிய புர்ஹானின் ‘துஸுகே வாலாஜாஹி’ என்னும் நூலை அவர் ஆங்கிலமாக்கினார். பல்கலைக்கழகம் 1934 முதல் அதனை வெளியிட்டது. போர்ச்சுகீசியரை மலபார் முஸ்லிம்கள் எதிர்த்து நின்ற வரலாறு கூறும் ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூமின் ‘துஹ்பதுல் முஜாஹிதீன்’ நூலையும், அரபுப் புவியியலார் தென்னிந்தியாவைப்பற்றி அறிந்திருந்தவற்றின் தொகுப்பையும் 1942 இல் தந்தார். எந்த நவாபின் நிலத்தையொட்டிப் பல்கலைக்கழகம் எழுந்ததோ, அந்த நவாபின் வரலாறு அப்பல்கலைக்கழகத்தின் வெளியீடாகவே உலகத்தார் கைக்குச் சென்றது.

இவற்றினும் நம்போன்றோர் வாழ்வைத் தொட்டது வேறொன்று. கீழைமொழிப் பட்டயத் தேர்வுகள் எனச் சிலவற்றைப் பல்கலைக்கழகம் நடத்தியது. தமிழுக்கு வித்துவான், வடமொழிக்குச் சிரோமணி, பாரசீகத்துக்கு முன்ஷியே பாஸில், உருதுவுக்கு அதீபே பாஸில், அரபுக்கு அப்ஸலுல் உலமா. திண்ணையில் தமிழ் கற்றவரும் மதரஸாவில் அரபு ஓதியவரும் தாம் கற்ற மரபுக் கல்வியைக்கொண்டே இத்தேர்வுகளில் தேறிப் பள்ளிகளில் ஆசிரியராக அமர முடிந்தது.

நாம் மதரஸாவில் ஓதிமுடித்து ஆலிம் ஸனதுடன் வெளிவந்த காலம் நினைவுக்கு வருகிறது. ஆசிரியப் பணி ஒன்றுக்காக ஓர் அலுவலகத்தில் அந்த ஸனதை நீட்டினோம். அங்கிருந்தவர் அதை இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் சர்டிபிகேட் ஆகாது” என்று திருப்பித் தந்தார். ஏழாண்டு ஓதியது ஒரு நொடியில் ஒன்றுமில்லாமற் போயிற்றே என்று மனம் நொந்தோம். செய்தியறிந்த நம் உஸ்தாத், “ஸனது உன் நெஞ்சுக்கு, பரீட்சை அவர்கள் கண்ணுக்கு. இரண்டும் வேண்டியதுதான். போய் எழுது” என்றார். காஞ்சியிலிருந்து விடியற்காலைப் பேருந்தேறிக் கடற்கரையோரத் தேர்வுக்கூடத்தை அடைந்தோம். ஊர், குடும்பம், உஸ்தாத் யாரென்று எவரும் கேட்கவில்லை. எண்ணை மட்டும் கேட்டனர். முதலில் அது வருத்தமாகவே இருந்தது. தேறியபின் அதே அலுவலகத்தில் அத்தாள் செல்லுபடியானபோதுதான், பெயர் கேட்காத அந்த முறையின் நியாயம் விளங்கியது. 1981 இல் பல்கலைக்கழகம் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தின் வாயிலாகப் பின்னர்த் தமிழும் பயின்றோம். பகலில் ஓதிக்கொடுத்து இரவில் பாடம் படித்த ஆலிம்கள் நம்மையொத்தோர் பலர்.

தேர்வில் தோற்றாரையும் அக்கல்விமனை ஒருமுறை கண்டுகொண்டது. கணிதமேதை இராமாநுசன் கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் எப்.ஏ. தேர்வில் தேறாதவர். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. பட்டமில்லாத அவருக்கு 1913 இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. விதியைக் காப்பது மட்டுமன்றி, அறிவு வேறு வழியாக வரும்போது அதற்கு இடங்கொடுப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்பதை அந்த 75 ரூபாய் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரு காலத்தில் தென்னாடு முழுவதும் விரிந்திருந்த இதன் எல்லை வரவரச் சுருங்கியது. 1916 இல் மைசூர், 1926 இல் ஆந்திரா, 1929 இல் அண்ணாமலை, 1937 இல் திருவிதாங்கூர், 1966 இல் மதுரை எனப் புதிய பல்கலைக்கழகங்கள் எழுந்தன. 1978 இல் கிண்டிப் பொறியியற் கல்லூரி முதலியவை பிரிந்து, காஞ்சியின் மைந்தர் பெயராலேயே அண்ணா பல்கலைக்கழகமாயின. 1982 இல் கோவையும் திருச்சியும் தனியாயின. 2002 இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் ஏற்பட, வட ஆர்க்காட்டுக் கல்லூரிகள் அதன்பாற் சென்றன. எஞ்சியவை சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களும், 2019 இல் காஞ்சியிலிருந்து பிரிந்த செங்கற்பட்டுமே. ஆகவே, தாய்வீட்டின் பழைய குடிகளுள் இன்றும் கூட இருப்போர் நாம். சேப்பாக்கம், கடற்கரை, கிண்டி, தரமணி, சேத்துப்பட்டு, மதுரவாயல் என ஆறு வளாகங்களில் அது பரவியிருக்கிறது.

அத்தாய்வீடு அண்மையில் பட்ட துன்பத்தையும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின், புதியவரைத் தேர்ந்தெடுப்பதில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் கருத்து வேறுபட, அந்நாற்காலி நெடுநாள் வெறுமையாகக் கிடந்தது. 2024 பிப்ரவரியில் வரிநிலுவை காரணமாக வருமானவரித் துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. நூற்றறுபது ஆண்டு கடந்த கல்விமனைக்கு இந்நிலை வந்தது கண்டு, ஊரில் எத்தனை பேர் கலங்கினோம்?

வக்பு என்றால் என்னவென்று நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஒருவர் விட்டுச்சென்ற பொருளின் முதல் அழியாமல், பயன் மட்டும் தலைமுறை தலைமுறையாக மக்களுக்குச் செல்ல வேண்டும். முத்தவல்லி அயர்ந்தால் ஜமாஅத்தார் கேட்க வேண்டும். பொதுப் பல்கலைக்கழகமும் அத்தகையதே. எழுபதாயிரம் பேர் கேட்டுப் பெற்றது. குடிகளின் வரியால் வளர்ந்தது. அதனிடம் பயன்பெறும் உரிமையுடைய நாம் அதன் நலத்தைக் கேட்கும் கடமையும் உடையோம். அரபுத் துறையில் இடமிருந்தும் சேர ஆளில்லை என்னும் நிலை வந்தால், அப்பழி அரசை மட்டும் சாராது. பிள்ளைகளை அனுப்பாத நம்மையும் சாரும்.

சரிகை நண்பருக்கு நாம் சொன்ன மறுமொழியோடு முடிப்போம். “பாய், உங்கள் ஊர்க் கோர்வைச் சேலையைப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவால் நெய்து, ஊடையில் ஒன்றோடொன்று மாட்டிவிடுகிறார்கள். இழுத்துப் பார்த்தால் சேலை கிழியுமே தவிர, கரை பிரியாது. மதரஸாவும் காலேஜும் அப்படித்தான். கோர்ப்பதற்குக் கைதான் வேண்டும்.”

அவர் மகன் இப்போது காலையில் நம்மிடம் ஓதுகிறான். பகலில் கல்லூரி செல்கிறான். பட்டம் வாங்கச் சேப்பாக்கம் செல்லும் நாளில், செனட் மாளிகைக்கு அருகே நிற்கும் அந்தப் பழைய அரண்மனையையும் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு வரும்படி இப்போதே சொல்லிவைத்திருக்கிறோம்.