அசரியா, வேதநாயகம் சாமுவேல் (1874–1945)

ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். தூத்துக்குடிப் பக்கம் வெள்ளாளன்விளையில் கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் கைக்கு வரவில்லை. 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றார். 1910 எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், ஐரோப்பிய மிஷனெரிகள் தியாகம் செய்கிறார்கள், இந்தியரோடு நட்புதான் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். பலருக்கு அது கசந்தது. ஆனாலும் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில், நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் பெற்றார். தெலுங்கு கற்று, மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். ஆட்சியில் கண்டிப்பானவர். 1939இல் திறந்த அவரது பேராலயத்தில் மசூதிபோலக் குவிமாடமும் மினாராக்களும். உள்ளே கோயில் மண்டபச் சாயலில் கல்தூண்கள். நிஜாம் சீமைக்கு அது பொருத்தம்தான். 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலில் காலமானார். அவர் உருவாக்கப் பாடுபட்ட தென்னிந்தியத் திருச்சபை 1947இல்தான் பிறந்தது.