ஹாஸ்பிஸ் பில்லிங்: மருத்துவர் சான்றும் காலக்கெடுவும்

குணப்படுத்தும் சிகிச்சை இனிப் பயன் தராது என்ற நிலையை எட்டிய நோயாளிக்கு வலியையும் அவதியையும் தணித்து, பெரும்பாலும் அவரது வீட்டிலேயே வைத்துக் கவனிக்கும் முறைக்கு ஹாஸ்பிஸ் என்று பெயர். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இதற்குப் பணம் தர முன்வந்தது. 1983 நவம்பரில் தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய திட்டம் 1986இல் நிரந்தரமானது. 2022இல் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் பயன்பெற்றனர். மெடிகேர் செலவிட்டது ஏறத்தாழ 2,370 கோடி டாலர். இத்தனை பணமும் ஒரு மருத்துவக் கணிப்பை நம்பியே கைமாறுகிறது. நோய் தன் வழக்கமான போக்கில் சென்றால் இந்த நோயாளி ஆறு மாதமோ அதற்கும் குறைவாகவோதான் உயிர்வாழ்வார் என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அந்தச் சான்று உரிய நேரத்தில் வந்தால் பில் போடுவது எப்படி, தாமதமானால் எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். விதிகளைக் கூர்ந்து படித்தால் ஒன்று புலப்படும். தாமதத்துக்கு விதி வைத்திருக்கும் விலை சில நாட்களின் கட்டணம் மட்டுமே. நிறுவனங்களைக் கவிழ்ப்பது தாமதமல்ல, அதை மறைக்கும் முயற்சி.

சான்றின் கூறுகள்

ஹாஸ்பிஸ் பலன் காலவரையின்றி ஒரே வீச்சில் வழங்கப்படுவதில்லை. முதலில் 90 நாட்கள் கொண்ட இரு பயன் காலங்கள். அதன்பின் 60 நாட்கள் கொண்ட காலங்கள், தேவைப்படும் வரை எத்தனை வேண்டுமானாலும். ஒவ்வொரு காலத்துக்கும் தனிச் சான்று வேண்டும். முதல் காலத்துக்கு ஹாஸ்பிஸின் மருத்துவ இயக்குநர் அல்லது அதன் குழு மருத்துவர் ஒருவரும், நோயாளிக்கு வழக்கமான மருத்துவர் இருந்தால் அவரும் சான்றளிப்பார்கள். அடுத்தடுத்த காலங்களுக்கு ஹாஸ்பிஸ் மருத்துவரின் சான்று மட்டும் போதும். எழுத்துச் சான்றில் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். ஆறு மாதக் கணிப்புக்கு ஆதாரமான நோய்க்குறிப்புகளை மருத்துவர் தம் சொந்த நடையில் சுருக்கி எழுதவும் வேண்டும். 2009 அக்டோபரில் வந்த இந்த விவரண விதி, டிக் அடிக்கும் கட்டங்களையும் எல்லாருக்கும் பொருந்தும் அச்சு வாசகங்களையும் ஏற்பதில்லை. 2011 ஜனவரி முதல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது. மூன்றாம் காலமும் அதற்குப் பிந்தையவையும் தொடங்குவதற்கு முந்தைய 30 நாட்களுக்குள் ஹாஸ்பிஸ் மருத்துவரோ உயர்தகுதி பெற்ற செவிலியரோ (நர்ஸ் பிராக்டிஷனர்) நோயாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

உரிய காலம் எது

ஒரு காலத்துக்கான சான்றை அது தொடங்குவதற்கு 15 நாட்களுக்கு முன்பிருந்தே எழுதலாம். தொடங்கிய பின் இரண்டு நாட்காட்டி நாட்கள் அவகாசம் உண்டு. அதாவது மூன்றாம் நாள் முடிவதற்குள் எழுத்துச் சான்று வர வேண்டும். வராவிட்டால் அதே கெடுவுக்குள் வாய்மொழிச் சான்றாவது பெற்று, எந்த மருத்துவர் எந்தத் தேதியில் சொன்னார், யார் கேட்டுப் பதிந்தார் என்பதை நோயாளியின் கோப்பில் குறித்து வைக்க வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் எழுத்துச் சான்று பின்னர் வரலாம். ஆனால் மெடிகேருக்கு க்ளெய்ம் (பணக் கோரிக்கை) அனுப்புவதற்கு முன் அது கைக்கு வந்திருக்க வேண்டும். பில்லிங் பிரிவில் பலர் இடறுவது இங்கேதான். முப்பதாம் நாள் இட்ட கையெழுத்தைப் பார்த்தவுடன் சான்று தாமதம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டாம் நாளே வாய்மொழிச் சான்று முறையாகப் பதிவாகியிருந்தால் அந்தச் சான்று தாமதமே அல்ல, எல்லா நாட்களுக்கும் பில் போடலாம். மறுபக்கம், மூன்றாம் நாளுக்குள் எழுத்தும் இல்லை, வாய்மொழிப் பதிவும் இல்லை என்றால், நான்காம் நாள் வந்த எழுத்துச் சான்று எவ்வளவு செம்மையாக இருந்தாலும் அது தாமதமானதே.

ஓர் உதாரணம். நோயாளி 2024 ஜனவரி 10 அன்று ஹாஸ்பிஸில் சேர்கிறார் என்று கொள்வோம். முதல் காலம் ஏப்ரல் 8 அன்று முடியும். இரண்டாவது ஏப்ரல் 9 முதல் ஜூலை 7 வரை. 60 நாள் கொண்ட மூன்றாவது ஜூலை 8 அன்று தொடங்கும். இரண்டாம் காலத்துக்கான சான்றை மார்ச் 25 முதல் எழுதலாம். ஏப்ரல் 11க்குள் எழுத்தாகவோ வாய்மொழியாகவோ அது கிடைத்தாக வேண்டும். மூன்றாம் காலத்துக்கான நேரடிச் சந்திப்பு ஜூன் 8க்கு முன் நடந்தால் செல்லாது.

தாமதமானால் பில் போடுவது எப்படி

மேற்கண்ட நோயாளிக்கு வாய்மொழிச் சான்று எதுவும் பெறப்படவில்லை, எழுத்துச் சான்று ஏப்ரல் 15 அன்றுதான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மெடிகேர் விதியின்படி, சான்றுக்கு வேண்டிய அனைத்தும் நிறைவேறிய நாளிலிருந்தே பணம் தொடங்கும்; அதற்கு முந்தைய நாட்களுக்குக் கிடையாது. எனவே ஏப்ரல் மாத க்ளெய்மில் 1 முதல் 8 வரையும் 15 முதல் 30 வரையும் வழக்கம்போல் பில் போட வேண்டும். இடைப்பட்ட 9 முதல் 14 வரையிலான 6 நாட்களை ஆக்கரன்ஸ் ஸ்பான் கோட் 77 இட்டுத் தனியே காட்டி, அவற்றின் கட்டணத்தை மெடிகேர் ஏற்காத தொகையாகப் பதிய வேண்டும். அந்த நாட்களின் பொறுப்பு சேவை தந்த நிறுவனத்துடையது, ஆனால் நோயாளியின் பயன் கணக்கில் அவை கழிந்துவிட்டன என்பதே 77இன் பொருள். ஆகவே இரண்டாம் காலம் ஏப்ரல் 9 அன்றே தொடங்கியதாகத்தான் கணக்கு. ஜூலை 7 என்ற முடிவுத் தேதி நகராது. அந்த 6 நாட்களின் செலவை நோயாளியிடமோ குடும்பத்திடமோ கேட்கவும் முடியாது. 2024 நிதியாண்டில் வீட்டுப் பராமரிப்பின் 61ஆம் நாளுக்குப் பிந்தைய அடிப்படைக் கட்டணம் நாளொன்றுக்கு 172.35 டாலர், வட்டார ஊதியச் சரிக்கட்டலைச் சேர்க்காமல் பார்த்தால் இழப்பு 1,034 டாலர் 10 சென்ட்.

தாமதங்கள் எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றல்ல. நோயாளி ஹாஸ்பிஸைத் தேர்ந்ததைத் தெரிவிக்கும் அறிவிப்பு, 2014 அக்டோபர் முதல், சேர்ந்த நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் மெடிகேர் ஒப்பந்த அலுவலகத்தில் ஏற்கப்பட வேண்டும். அது தாமதித்தாலும் 77 கொண்டே அந்த நாட்களை விலக்க வேண்டும். வெள்ளம், தீ, புயல் போன்றவை காரணமானால் விலக்குக் கோரலாம். ஆனால் நேரடிச் சந்திப்பு தவறினால் விளைவு வேறு. நோயாளி இறுதிக்கட்ட நோயாளி என்ற சான்றையே இழந்தவராகிறார். ஹாஸ்பிஸ் அவரை மெடிகேர் பலனிலிருந்து விடுவிக்க வேண்டும். பராமரிப்பைத் தன் செலவில் தொடரலாம். சந்திப்பு நடந்தபின் அவர் மீண்டும் ஹாஸ்பிஸைத் தேர்ந்து, புதிய அறிவிப்பு அனுப்பி, புதிய காலத்தைத் தொடங்க வேண்டும். இந்த இரு வகைத் தாமதங்களையும் குழப்பிக்கொண்டு, விடுவிக்க வேண்டிய இடத்தில் 77 போடுவதும், 77 போதுமான இடத்தில் நோயாளியை விடுவிப்பதும் தவறான பில்லிங்கே.

மறுப்புகளும் விடைகளும்

நோயாளி உண்மையிலேயே இறுதிக்கட்டத்தில் இருந்தார், செவிலியர் வந்தார், மருந்து தரப்பட்டது. ஒரு கையெழுத்து நான்கு நாள் தள்ளிப்போனதற்காகச் செய்த சேவைக்குப் பணம் மறுப்பது நியாயமா என்பது வலுவான கேள்வி. ஆனால் மெடிகேர் இங்கே விலை கொடுப்பது தனித்தனிச் சேவைகளுக்கு அல்ல. செவிலியர் வந்த நாளுக்கும் வராத நாளுக்கும் பொதுவாக ஒரே தினக் கட்டணத்தைத் தருகிறது. வருகைகளை எண்ணிப் பணம் தராத அத்தகைய ஏற்பாட்டில், இவர் இதற்குத் தகுதியானவர்தானா என்று ஒரு மருத்துவர் அந்தந்தக் கட்டத்தில் யோசித்தார் என்பதற்கான அடையாளமே காப்பாக நிற்கிறது. பின்னர் யோசித்து முன்தேதிக்குப் பொருத்துவது அந்தக் காப்பை வெறும் தாளாக்கிவிடும். அதற்காக விதி ஈவிரக்கமற்றதும் அல்ல. முன்னால் 15 நாட்களையும் பின்னால் இரண்டு நாட்களையும் தந்து, ஒரு தொலைபேசி அழைப்பையும் முறையாகப் பதிந்தால் ஏற்கிறது. இழப்பும் முழுக் காலத்துக்கானதல்ல, சான்று வரும் வரையிலான நாட்களுக்கானது மட்டுமே.

சிறு நிறுவனங்களுக்கு இது சுமை என்பது அடுத்த மறுப்பு. பகுதிநேர மருத்துவ இயக்குநர் ஒருவரை வைத்துக்கொண்டு பரந்த கிராமப்புறத்தில் இயங்கும் ஹாஸ்பிஸுக்குக் கையெழுத்து வாங்குவதே பாடு என்பது உண்மை. போதாக்குறைக்கு ஹாஸ்பிஸ் க்ளெய்ம்கள் மாதவரிசைப்படி மட்டுமே ஏற்கப்படும்; ஒரு மாதக் க்ளெய்ம் சான்றுக்காக நின்றால் அடுத்த மாதங்களும் பின்னால் வரிசைகட்டி நிற்கும். ஆனால் இந்தச் சுமையைக் குறைக்கும் வழி நாட்காட்டியில் இருக்கிறது. காலம் முடியும் தேதியைச் சேர்க்கையின்போதே கணக்கிட்டு, அடுத்த காலம் தொடங்க 15 நாட்கள் இருக்கும்போதே மருத்துவருக்கு நினைவூட்டும் நிறுவனத்துக்கு 77 தேவைப்படும் சந்தர்ப்பம் அரிது. 77 போட்டால் தணிக்கையாளர் கண்ணில் படுவோமே என்ற அச்சமும் இதே வகை. அந்தக் கோட் மெடிகேரே வகுத்த இடம்; அதை நிரப்புவது விதியைப் பின்பற்றியதற்கான சான்று. கோப்பில் ஏப்ரல் 15 என்ற கையெழுத்தும் க்ளெய்மில் குறையற்ற 30 நாட்களும் இருப்பதே தணிக்கையில் சிக்கும் முரண்.

நீதிமன்றங்களின் போக்கும் இந்த வேறுபாட்டுக்கு வலுச் சேர்க்கிறது. ஆறு மாதக் கணிப்பு தவறு என்று இன்னொரு மருத்துவர் சொல்வதாலேயே க்ளெய்ம் பொய்யாகிவிடாது என்று 2019இல் அசெராகேர் என்ற ஹாஸ்பிஸ் நிறுவனத்தின் வழக்கில் 11ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர்களுக்கிடையிலான கருத்து வேறுபாடும் பொய்மைக்குச் சான்றாகலாம் என்று 2020இல் கேர் ஆல்டர்நேட்டிவ்ஸ் வழக்கில் 3ஆம் வட்ட நீதிமன்றம் மாறாகச் சொன்னது. கணிப்பைப் பற்றி நீதிபதிகளே பிரிந்து நிற்கிறார்கள். ஆனால் அந்தக் கருத்து வேறுபாட்டில் தேதிக்கு இடமில்லை. ஏப்ரல் 15 அன்று இட்ட கையெழுத்துக்கு ஏப்ரல் 10 என்று எழுதினால், அது எந்த அளவுகோலிலும் பொய். மருத்துவரின் தீர்ப்புக்குக் கிடைக்கும் பாதுகாப்பு முன்தேதியிட்ட தாளுக்குக் கிடைக்காது.

பணம் வந்தபின் தாமதம் தெரியவந்தாலும் இதே தர்க்கம்தான். கூடுதலாகப் பெற்றது உறுதியானதும் 60 நாட்களுக்குள் அறிவித்துத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம். தெரிந்தே வைத்துக்கொண்டால் அந்தத் தொகை பொய்க் கோரிக்கைச் சட்டத்தின் கீழ் வந்து, மும்மடங்கு ஈட்டுத்தொகைக்கும் தண்டத்துக்கும் வழிவிடும். க்ளெய்மைத் திருத்தி 77ஐச் சேர்த்தால் மேற்கண்ட நோயாளியின் விஷயத்தில் போவது 6 நாள் கட்டணம். ஆகவே சான்றின் தேதியைச் சரிபார்க்கும் வேலையைப் பில் போடும் கடைசி மேசைக்கு விட்டுவிடாமல், ஒவ்வொரு காலமும் தொடங்கிய மூன்றாம் நாளிலேயே முடிப்பதுதான் நிறுவனத்துக்கு லாபம்.