தளத்தின் கீழே கிடந்த ஏடுகள்

1884ஆம் ஆண்டு, ஸ்பெயினின் அரகோன் பகுதியிலுள்ள அல்மொனாசித் என்னும் சிற்றூரில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். மரத்தளத்தைப் பெயர்த்தபோது அதன் கீழே இன்னொரு தளம் தென்பட்டது. இரண்டுக்கும் இடையே கையெழுத்து ஏடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மதிப்பறியாதவர் கையில் சில எரிந்துபோயின, எஞ்சியவை மீட்கப்பட்டன. அவற்றுள் பலவற்றின் எழுத்து அரபு, மொழியோ ஸ்பானிஷ்.

இவற்றை மறைத்து வைத்தவர்கள் மொரிஸ்கோக்கள். 1492இல் கிரனடா வீழ்ந்தபோது, முஸ்லிம்களின் மார்க்கத்துக்கும் பள்ளிவாசல்களுக்கும் தீங்கு நேராது என உடன்படிக்கை எழுதப்பட்டது. பத்தாண்டுகளுக்குள் அது மீறப்பட்டது. கிரனடாவில் அரபு நூல்கள் தீயிடப்பட்டன. ஞானஸ்நானம் அல்லது நாடு துறத்தல் என்னும் ஆணை 1502இல் காஸ்டீலிலும், 1526இல் அரகோனிலும் நடைமுறைக்கு வந்தது. பள்ளிவாசலும் மதரஸாவும் பறிபோயின. பெயரும் மாறிற்று.

அத்தகையோர் நாடு துறந்தே ஆக வேண்டும் என்று மார்க்க அறிஞர் சிலர் தீர்ப்பளித்தனர். ஆனால், கடல் கடக்க வழியற்ற ஏழைகள் என்ன செய்வர்? இன்றைய அல்ஜீரியாவிலுள்ள வஹ்ரான் நகரோடு தொடர்புடைய முஃப்தி ஒருவர் 1504இல் அவர்களுக்கு ஒரு மடல் வரைந்தார். அதில் கண்டனம் இல்லை. சைகையாலேனும் தொழுங்கள், பகலில் இயலாவிடில் இரவில் தொழுங்கள், தயம்முமுக்குச் சுவரைத் தொட்டாலும் போதும், ஜகாத்தை ஏழைக்கு அளிக்கும் அன்பளிப்பைப் போலவேனும் கொடுங்கள், நிர்ப்பந்தத்தில் நாவு எதைச் சொன்னாலும் உள்ளம் உறுதியாயிருக்கட்டும் என்பதே அதன் சாரம். அம்மடல் ஸ்பானிஷ் மொழிக்குப் பெயர்க்கப்பட்டுக் கைமாறிக் கைமாறிப் பரவியது.

அரகோன் முஸ்லிம்களிடம் அரபுப் பேச்சு தலைமுறைகளுக்கு முன்பே மங்கிவிட்டிருந்தது. எனவே அவர்கள் தாம் பேசிய மொழியை அரபு எழுத்தில் எழுதினர். துஆக்களும், சட்ட விளக்கங்களும், நபிமார் வரலாறுகளும் அவ்வாறே பிள்ளைகளைச் சென்றடைந்தன. அல்ஹமியாதோ எனப்படும் அம்முறை நமது அரபுத்தமிழை நினைவூட்டும். நம் முன்னோர் அதை வெளிப்படையாக எழுதி, அச்சிட்டும் பரப்பினர். அவர்களுக்கோ, ஓர் ஏடு அகப்பட்டாலே விசாரணை மன்றம் காத்திருந்தது.

அம்மன்றத்தின் பதிவேடுகளே அவர்களது உறுதிக்குச் சான்றாகின்றன. வெள்ளிக்கிழமை தூய ஆடை உடுத்தியது, பன்றியிறைச்சியைத் தவிர்த்தது, ரமளானின் பகலில் உண்ணாதிருந்தது ஆகியவையெல்லாம் அங்கே குற்றங்கள். இவை வீட்டினுள் நிகழ்பவை. ஆதலால் குற்றம் சாட்டப்பட்டோரில் பெண்கள் மிகப் பலர். மதரஸா மூடப்பட்ட பின் அடுப்படியே மதரஸாவாயிற்று, தாயே ஆசிரியரானார்.

இவ்வுறுதி அவர்களது நாட்டைக் காத்துத் தரவில்லை என்பதையும் மறைக்கலாகாது. தலைமுறைகள் செல்லச் செல்லப் பலர் மெய்யாகவே கிறித்தவராயினர். ஆயினும், 1609 முதல் 1614 வரை சுமார் 3 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டபோது அவர்களுள் பலரும் தப்பவில்லை. சிறு பிள்ளைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அங்கேயே நிறுத்தப்பட்டனர்.

துனிசியாவை அடைந்தவர்களுக்கு அந்நாட்டு ஆட்சியாளர் உஸ்மான் தாய் இடமளித்தார். அவர்கள் தஸ்தூர் போன்ற ஊர்களை எழுப்பினர். கம்பளித் தொப்பித் தொழிலை வளர்த்தனர். அங்கும் சிலர் மார்க்கத்தை ஸ்பானிஷ் மொழியிலேயே எழுதிக் கற்பித்தனர். அவர்களது மக்களுக்கு விளங்கிய மொழி அதுதான்.

எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடலாகாது என்று அறிந்திருந்ததே அச்சமுதாயத்தை ஒரு நூற்றாண்டு தாங்கியது. உடையும் பெயரும் போயின. தொழுகை சுவரைத் தொடும் ஒரு கையளவுக்குச் சுருங்கியும் அறுந்துவிடவில்லை. அதற்கு இருவர் துணைநின்றனர்: வீட்டில் கற்பித்த தாய், தொலைவிலிருந்து பழிக்காமல் வழிகாட்டிய அறிஞர். பள்ளிவாசலும் மதரஸாவும் அருகிருக்கும் நம் இல்லங்களில், அவ்விரண்டும் இல்லாதிருந்தாலும் நிலைத்திருக்கக் கூடியது எவ்வளவு என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.