பேரு தேசத்துக் கடலும் கரியமில வாயுவும்

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பேரு தேசம் பூமத்திய ரேகைக்கு அண்மையிற் கிடப்பது. அத்தகைய இடத்திற் கடல் வெதுவெதுப்பாக இருத்தல் வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆயின், 1802 ஆம் ஆண்டில் அங்கு சென்ற ஜெர்மானிய அறிஞர் அலெக்சாந்தர் வொன் ஹம்போல்ட், கடல்நீரில் வெப்பமானியை இட்டபோது அது பெரிதும் குளிர்ந்திருக்கக் கண்டார். தெற்கிலிருந்து வரும் நீரோட்டமே காரணம் எனக் கருதினார். அதற்கு உலகம் அவர் பெயரை இட்டது. கரையோர மீனவர் அதனை நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர் என்று அவரோ அப்புகழை மறுத்தார்.

மீனவர் அறிந்தது குளிரை மட்டுமன்று. அந்நீரில் நெத்தலி இனம் அளவின்றிப் பெருகிற்று. மீனை உண்ட பறவைகளின் எச்சம் தீவுகளிற் குவிந்தது. இன்கா மக்கள் அதனை எருவாக இட்டனர்; 1840 ஆம் ஆண்டின் பின் அது கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றது.

இச்செழிப்பின் காரணத்தை விளங்கிக்கொள்ள வழிசெய்தது சுவீடன் அறிஞர் எக்மன் 1905 இல் வெளியிட்ட ஆராய்ச்சி. பூமியின் சுழற்சியால், தென்கோளத்தில் மேல்நீர் காற்றின் திசைக்கு இடப்புறமாக விலகும். பேருக் கரையோரமாகத் தெற்கிலிருந்து காற்று வீச, மேல்நீர் மேற்கே அகலுகின்றது. அவ்விடத்தை நிரப்பக் கீழ்நீர் மேலெழுகின்றது.

கீழ்நீர் வெறுங்கையோடு வருவதில்லை. ஆழத்தில் அழுகிய உயிர்களின் சத்துக்களையும், காபனீரொட்சைட்டு எனப்படும் கரியமில வாயுவையும் அது கொண்டுவருகின்றது. வெயிலிற் சூடேறியதும் வாயு காற்றிற் கலக்கின்றது. அதேவேளை, சத்துக்களால் வளரும் நுண்ணிய மிதவைத் தாவரங்கள் அவ்வாயுவை உட்கொள்கின்றன. ஓரெகன் கரையிற் கோடையில் உட்கொள்வதே மிகும். பேருக் கரையில் வெளிவிடுவதே மிகும்.

சில ஆண்டுகளிற் காற்றுத் தளர, வெதுநீர் தடித்துப் பரவும். மேலெழும் நீரிற் சத்துக் குன்றும். நத்தார்க் காலத்தையொட்டி வருவதால் மீனவர் இதனை எல் நினோ, அதாவது குழந்தை யேசு, என்றனர். 1970 இல் 1 கோடி 20 இலட்சம் தொன்னுக்கு மேலிருந்த நெத்தலிப் பிடிப்பு, 1972 இல் எல் நினோவாலும் மிதமிஞ்சிய மீன்பிடியாலும் வீழ்ந்தது.

காற்றிலும் இதன் சுவடு உண்டோ? 1958 இல் சாள்ஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிற் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது அது 10 இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு. 2024 இல் 420 க்கும் மேல். இவ்வேற்றம் பசுபிக் காற்றுக்களின் ஊசலாட்டத்தோடு கூடிக் குறைவதை 1976 இல் பாக்கஸ்டோ எடுத்துக்காட்டினார். 2014 இல் ஏவப்பட்ட செய்மதி ஒன்று, 2015 இன் எல் நினோத் தொடக்கத்தில் அயனமண்டலப் பசுபிக் கடல் வெளிவிட்ட வாயு குறைந்ததைக் கண்டது. எனினும் ஆறுதல் நீடிக்கவில்லை. அதே எல் நினோ விளைத்த வறட்சியாலும் காட்டுத் தீயாலும் நிலத்திலிருந்து எழுந்த வாயு, கடல் குறைத்ததை விஞ்சிற்று.

மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் காற்பங்கை உலகக் கடல்கள் ஏற்கின்றன. எனினும், கரைக்குக் கரை, ஆண்டுக்கு ஆண்டு மாறும் இக்கணக்கைக் காற்றே எழுதுகின்றது. மீனவனின் வலையை நிரப்புவதும் வெறுமையாக்குவதும் அதே காற்று. கடல் நம் பிழையைச் சுமக்கும் என்று நம்பியிருப்போர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நன்று.