விறைப்பு எனும் கருதுகோள்: செய்மதிச் சுழற்சியும் சூரிய வெப்பமும்

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாகக் காண்பது முதலாளித்துவ வரலாற்றெழுத்தின் நெடுநாள் வழக்காகும். கோட்பாடு நடைமுறையில் மோதித் திருந்திய கதை அதிற் புலப்படுவதில்லை. செய்மதிகளின் சுழற்சி பற்றிய ஆய்வு இவ்வகையில் நமது கவனத்துக்குரியது.

1765இல் ஒயிலர் வெளியிட்ட பெருநூல், சுழலும் பொருளை முற்றிலும் விறைப்பானதெனக் கருதியது. அக்கருதுகோளின்படி, நீண்ட பொருளொன்று தன் நெட்டச்சைப் பற்றி உறுதியாகச் சுழலவல்லது. 1958 ஜனவரி 31இல் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 1 அவ்வாறே சுழலவிடப்பட்டது. விரைவிலேயே தலைகீழாகப் புரளலாயிற்று. அதன் நான்கு நெகிழ் அன்டெனாக்களும் அதிர்ந்து இயக்கசக்தியை வெப்பமாக இழந்தன; கோண உந்தமோ மாறவில்லை. எனவே மிகக்குறைந்த சக்தியுடைய சுழற்சியை அது நாடியது.

1962 செப்டெம்பர் 29இல் கனடாவின் அலுவெற் 1 ஏவப்பட்டது. அயன மண்டலத்தை ஆராய்வதே அதன் நோக்கம். அதனை உருவாக்கியது பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமொன்று என்பதை நாம் மறத்தலாகாது. வடபுல வானொலித் தொடர்பு கெடுபிடிப்போர்க் காலத் தேவையாயிருந்தது. சுருட்டிய உருக்குப் பட்டிகள் விண்வெளியில் விரிந்து குழாய்களாகி, முனைக்கு முனை ஏறத்தாழ 45 மீற்றர் நீண்டன. ஆயினும் அதன் சுழற்சி எதிர்பார்த்ததை விட விரைவாகக் குறைந்தது.

இம்முறை காரணம் புறத்தேயிருந்து வந்தது. வெயில்படும் பக்கம் விரிய, மறுபக்கம் குளிர்ந்திருக்க, மெல்லிய குழாய் சூரியனுக்கு எதிர்த்திசையில் வளைகிறது. வெப்பம் பரவக் காலமெடுப்பதால் வளைவு சுழற்சிக்குப் பின்தங்குகிறது. அதனால் சூரியனை நெருங்கும் கையிலும் விலகும் கையிலும் கதிர்ப்பு அமுக்கம் சமமாவதில்லை. எஞ்சும் சிறு திருப்பம் சுழற்சியைத் தடுக்கிறது. ரொறன்ரோவைச் சேர்ந்த எற்கினும் ஹியூசும் இவ்விளக்கத்தை 1967இல் வெளியிட்டனர். 1965 நவம்பர் 29இல் ஏவப்பட்ட அலுவெற் 2இன் நீண்ட அன்டெனாக்களின் நுனிகளிலோ, இக்குறையை ஈடுசெய்யும் தகடுகள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன. நடைமுறை முந்த, அச்சேறிய விளக்கம் பின்தொடர்ந்தது.

இதனால் ஒயிலர் பிழைபட்டார் என்பது நமது முடிபன்று. அருவமாக்கல் இன்றி விஞ்ஞானமில்லை. ஆயின் எதனைப் புறக்கணித்து ஒரு கருதுகோள் பிறந்ததோ அதனை மறக்கும்போது, புறக்கணிக்கப்பட்ட அச்சிறு அளவே சேர்ந்து சேர்ந்து முழுமையின் போக்கை மாற்றிவிடுகிறது. சமுதாயத்தையும் இலக்கியத்தையும் அசைவற்ற அமைப்புகளாகக் கருதி ஆராய்வோர்க்கும் இவ்வரலாறு பொருந்தும்.