பித்த அமிலப் பேதி: ஒரு நோய் இனங்காணப்பட்ட வரலாறு

கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து பித்த அமிலங்களை உண்டாக்குகிறது. சிறுகுடலில் கொழுப்பு செரிக்க உதவியபின், அவற்றில் சுமார் 95 விழுக்காடு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. உடலில் இருப்பது ஏறத்தாழ 3 கிராம்தான். அதுவே நாள்தோறும் பலமுறை சுற்றி வருகிறது. இந்தச் சுழற்சியை மோரிட்ஸ் ஷிஃப் 1870இல் விலங்குச் சோதனைகளால் காட்டினார். அது அறுந்தால் என்ன ஆகும் என்பது தெளிவாக ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

1932இல் பரில் கிரோனும் இரு சகாக்களும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கும் அழற்சியை விவரித்தனர். கிரோன் நோய் என்று பெயர் பெற்ற அதற்காகக் குடலின் அப்பகுதியை வெட்டி எடுத்தபின், பலருக்கு நீராகப் பேதி நீடித்தது. உறிஞ்சப்படாத பித்த அமிலம் பெருங்குடலில் இறங்கி, அங்கே நீரையும் உப்பையும் சுரக்கவைப்பதே காரணம் என்று 1967இல் ஆலன் ஹாஃப்மன் விளக்கினார். மருந்து ஏற்கெனவே கையில் இருந்தது. கொலஸ்டிராலைக் குறைக்கவும் காமாலை அரிப்பைத் தணிக்கவும் கொடுக்கப்பட்ட கொலஸ்டிரமைன் என்னும் பிசின்தூள், பித்த அமிலத்தைக் குடலிலேயே பற்றிக்கொள்ளும். அது இந்தப் பேதியைக் கட்டுப்படுத்துவதை ஹாஃப்மனும் போலியும் 1969இல் காட்டினர். சுமார் 100 சென்டிமீட்டருக்குமேல் குடலை இழந்தவர்களுக்கு அது பலன் தரவில்லை. அவர்களுக்குக் கொழுப்பே செரிக்காமல் வெளியேறியது.

குடலில் எந்தக் கோளாறும் தென்படாதவர்களுக்கும் இந்நோய் வரும் என்று டென்மார்க்கின் தேசனும் பெடர்சனும் 1976இல் எழுதினர். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் குடல் எரிச்சல் நோயாளிகளாகவே கருதப்பட்டனர். வாசலைத் தாண்டுமுன் கழிப்பறை எங்கே என்று யோசிக்கவேண்டிய அவர்களின் துன்பத்துக்கு அளந்து காட்டும் சான்று தேவைப்பட்டது.

அந்தச் சான்று 1980களின் தொடக்கத்தில் செகாட் சோதனையாக வந்தது. கதிரியக்கச் செலினியம் சேர்த்த செயற்கைப் பித்த அமிலம் அடங்கிய ஒரு மாத்திரையை நோயாளி விழுங்குவார். அன்றே காமா கேமரா அதன் அளவைப் பதியும்; ஏழாம் நாள் மீண்டும் பதியும். உடலில் 15 விழுக்காட்டுக்கும் குறைவாக எஞ்சினால் நோய் உறுதி. 5க்கும் கீழே போனால் கடுமை. 2009இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பேதி மிகுந்த குடல் எரிச்சல் நோயாளிகளில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையினருக்குப் பித்த அமிலக் கோளாறு இருப்பதைக் காட்டியது.

அதே ஆண்டில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜூலியன் வால்டர்ஸ் குழு மற்றொரு முடிச்சை அவிழ்த்தது. 'போதும், நிறுத்து' என்று கல்லீரலுக்குச் சொல்லும் எஃப்ஜிஎஃப்19 என்னும் ஹார்மோனைக் குடல் குறைவாகச் சுரந்தால், கல்லீரல் பித்த அமிலத்தை மிதமிஞ்சி உண்டாக்குகிறது. அந்த மிகையைக் காட்டும் சி4 இரத்தச் சோதனை, செகாட் கிடைக்காத நாடுகளில் உதவுகிறது.

கொலஸ்டிரமைன் மணல்போல் நறநறப்பதால் பலர் அதைப் பாதியில் விட்டனர். பின்னர் வந்த கொலசெவலம் மாத்திரை விழுங்க எளிது. இரண்டுமே பிற மருந்துகளையும் பற்றிக்கொள்ளும் என்பதால், அவற்றுக்கு இடையே சில மணி நேரம் விடவேண்டும். உணவில் கொழுப்பைக் குறைப்பதும் துணைசெய்யும். மருந்தைக் கொடுத்துப் பார்த்து நோயை ஊகிப்பதைவிடச் சோதித்து உறுதிசெய்வதே மேல் என்று பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.