வீட்டு ரவுட்டர்களில் மாற்று ஃபர்ம்வேர்

வீட்டு ரவுட்டரில் தயாரிப்பாளர் ஏற்றி அனுப்பும் இயக்க மென்பொருளை அகற்றிவிட்டு, பயனர் தாமே தேர்ந்து ஏற்றும் மென்பொருள் மாற்று ஃபர்ம்வேர் எனப்படும். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ ஆகியவை இவற்றில் பரவலாக அறியப்பட்டவை. நிறுவனம் கைவிட்ட கருவிக்கும் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். வீடு முழுவதற்கும் விளம்பரத் தடுப்பு, விபிஎன், விருந்தினருக்குத் தனி வைஃபை ஆகியவற்றை அமைக்கலாம். ஏற்றும்போது தவறு நேர்ந்தால் ரவுட்டர் பிரிக் ஆகிவிடும், அதாவது செங்கல்போல் இயங்காமல் போய்விடும் என்ற அச்சமும் தொடக்கம் முதலே உண்டு. எனவே இத்துறையின் வரலாற்றில் பெரும்பகுதி, பழுதான கருவியை மீட்கும் வழிகளின் வரலாறுதான். அதில் தமிழ்நாட்டின் தேனி நகருக்கு முக்கியமான இடம் உண்டு.

தொடக்கம்

லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் 2002 இறுதியில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தை சிஸ்கோ வாங்கியது. ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை 2003இல் நிரலாளர்கள் கண்டறிந்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதைச் சேர்த்துப் பொருள் விற்பவர் அதன் மூல நிரலையும் தர வேண்டும். கேள்விகள் வலுத்ததும் லிங்க்சிஸ் நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. 2005இல் செபாஸ்டியன் காட்ஷாலின் டிடி-டபிள்யூஆர்டியும், பிறகு ஜோனதன் ஸராட்டேயின் டொமேட்டோவும் வந்தன.

2005இல் வந்த டபிள்யூஆர்டி54ஜியின் ஐந்தாம் பதிப்பில் ஃப்ளாஷ் நினைவகம் 4 எம்பியிலிருந்து 2 எம்பியாகக் குறைந்தது. லினக்ஸின் இடத்தில் விஎக்ஸ்வொர்க்ஸ் அமர்ந்தது. ஆனாலும் லினக்ஸ் வேண்டுவோர் பெருகியிருந்ததால் டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற தனி மாடலை நிறுவனமே விற்றது.

தரம்சாலாவும் தேனியும்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்ற விதிகளை இந்திய அரசு 2005 ஜனவரியில் வெளியிட்டது. அடுத்த மாதமே இமாச்சலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் ஒரு சமூக வைஃபை வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. பின்னாளில் ஏர்ஜல்தி எனப் பெயர்பெற்ற அது, மாற்று ஃபர்ம்வேர் ஏற்றிய வீட்டு ரவுட்டர்களை வெயிலும் மழையும் தாங்கும் பெட்டிகளில் அடைத்து மலைச்சரிவுகளில் நிறுத்தியது.

அதே காலத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த எரிக் புரூவரின் ஆய்வுக்குழு, தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு வைஃபையால் இணைத்தது. மையத்துக்கு வந்த நோயாளி, தேனியில் இருந்த மருத்துவரிடம் வீடியோ வழியாகக் கண்ணைக் காட்டிப் பேச முடிந்தது. சில இணைப்புகள் பத்து கிலோமீட்டரைத் தாண்டின. வழக்கமான வைஃபை வீட்டுத் தூரத்துக்கு எழுதப்பட்டது. அனுப்பிய பொட்டலம் சேர்ந்ததற்கான பதில் சில மைக்ரோவினாடிகளில் வராவிட்டால் அது மீண்டும் அனுப்பும். நெடுந்தூர இணைப்பில் இதனால் வேகம் சரிந்தது. இரு முனைகளும் முறைவைத்துப் பேசுமாறு குழுவினர் மென்பொருளை மாற்றி எழுதினார்கள். வைல்டுநெட் என்ற இந்த ஏற்பாடு 2007இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

வன்பொருள் விலையோ தூரமோ அல்ல, மின்சாரமே அங்கே பெரிய எதிரி. மின்வெட்டும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் ரவுட்டர்களின் நினைவக அட்டைகளைக் கெடுத்தன. கோபுர உச்சியில் இருக்கும் பெட்டியைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் ஆள் ஏற முடியாது. எனவே இயக்க மென்பொருளை எழுத முடியாத பகுதியில் வைத்தார்கள். மின்கலம் இறங்கும்போது ரவுட்டர் அரைகுறை மின்சாரத்தில் தடுமாறாமல் முழுதாக அணைய ஒரு துண்டிப்புச் சுற்றைச் சேர்த்தார்கள். உறைந்துபோனால் தானே மறுதொடக்கம் செய்ய வாட்ச்டாக் சுற்று இருந்தது. உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சியும் தந்தார்கள். 2008இல் வெளிவந்த அவர்களின் அடுத்த கட்டுரை, கிராமப்புற வலையமைப்பை நிறுவுவதைவிட அதை உயிரோடு வைத்திருப்பதே கடினம் என்று இந்த அனுபவத்தைக் கொண்டு காட்டியது.

நிறுவுதலும் புதுப்பித்தலும்

ரவுட்டரின் மாடல் எண்ணோடு வன்பொருள் பதிப்பு எண்ணும் பொருந்தும் கோப்பையே ஏற்ற வேண்டும். ஒரே பெயரில் விற்கும் இரு பதிப்புகளுக்குள் வேறு சிப்கள் இருக்கக்கூடும். கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுவிட்டு, வைஃபையைத் தவிர்த்து, லேன் கேபிள் வழியாக ஏற்றுவதே பாதுகாப்பு. எழுதி முடியும்வரை மின்சாரம் போகக் கூடாது என்பதால் யுபிஎஸ் அவசியம்.

ஓப்பன்டபிள்யூஆர்டியில் அடிப்படை மென்பொருள் மாற்ற முடியாத பகுதியிலும், பயனரின் மாற்றங்கள் அதன்மேல் தனி அடுக்கிலும் இருக்கின்றன. புதுப்பிக்கும்போது அமைப்புகளைத் தக்கவைக்கலாம். பயனர் தனியே நிறுவிய நிரல்களையும் சேர்த்தே புதிய கோப்பைக் கட்டித் தரும் வசதி பிற்காலத்தில் வந்தது.

மீட்டெடுத்தல்

அமைப்புகளில் மட்டும் பிழை என்றால், தொடங்கும் வேளையில் பொத்தானை அழுத்தி ஃபெயில்சேஃப் நிலைக்குள் நுழைந்து, மேலடுக்கை அழித்துவிடலாம். ஃபர்ம்வேரே கெட்டாலும் ரவுட்டரைத் தொடக்கிவைக்கும் சிறு நிரலான பூட்லோடர் பிழைத்திருந்தால், பல மாடல்களில் டிஎஃப்டிபி வழியாகக் கணினியிலிருந்து கோப்பை அனுப்ப முடியும். அதற்கும் அசையாவிட்டால் மூடியைக் கழற்றி, பலகையில் சீரியல் கம்பிகளை இணைத்துப் பூட்லோடரோடு பேச வேண்டும். பூட்லோடரும் அழிந்தால் ஃப்ளாஷ் சிப்பை நேரடியாக எழுதும் கருவிதான் மிச்சம். சில லிங்க்சிஸ் ரவுட்டர்களில் இரண்டு ஃபர்ம்வேர் பகுதிகள் உண்டு. ஒன்று தொடர்ந்து தோற்றால் மற்றதிலிருந்து எழுந்துவிடும்.

இன்றைய நிலை

கருத்து வேறுபாட்டால் 2016இல் லீட் என்ற பெயரில் பிரிந்த ஓப்பன்டபிள்யூஆர்டி நிரலாளர்கள் 2018இல் மீண்டும் ஒன்றுசேர்ந்தார்கள். 4 எம்பி ஃப்ளாஷ் கொண்ட பழைய ரவுட்டர்களுக்குப் புதிய வெளியீடுகள் இப்போது வருவதில்லை. ஃபைபர் இணைப்பு வரும் வீட்டில் அது இணையச் சேவை நிறுவனம் தரும் ஓஎன்டி பெட்டியில் முடிகிறது. அந்தப் பெட்டியைத் தொடாமல், அதன் பின்னால் சொந்த ரவுட்டரை வைத்து மாற்று ஃபர்ம்வேர் ஏற்றுவதே நடைமுறை.

2024 நவம்பரில் வெளியான ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன், இத்திட்டம் தனக்கென வடிவமைத்த முதல் ரவுட்டர். அதில் அன்றாட மென்பொருளுக்கு ஒரு ஃப்ளாஷ் சிப்பும், மீட்புக்கென்றே தனியாக இன்னொன்றும் இருக்கின்றன. ஒன்று கெட்டால் சுவிட்சைத் தள்ளி மற்றதிலிருந்து தொடங்கலாம். கோபுரத்தில் ஏறாமல் மீட்க வேண்டும் என்று தேனியில் தனியே சேர்க்க வேண்டியிருந்த ஏற்பாட்டின் நோக்கம், இங்கே ரவுட்டரின் பலகையிலேயே இடம்பெற்றிருக்கிறது.